அட்டையில் ஒரு குன்று, அதன் மேல் காற்று

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை வெறுமனே உற்றுப் பார்ப்பதைவிட, கத்தியை எடுத்து அவற்றின் வழியே வெட்டிப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும் என்பது என் நம்பிக்கை. தலப்படத்தில் (நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடத்தில்) உள்ள ஒரு குன்றை அட்டையில் அடுக்கடுக்காக எழுப்ப வேண்டும். பிறகு அதே குன்றில் காற்றழுத்தமானியோடு ஏறி, படத்தில் அச்சான உயரத்தைக் காற்றும் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம். படம் படிப்பது ஒரு வேலை, வளிமண்டலம் இன்னொரு வேலை என்று பிரித்துக்கொண்டுதான் இறங்கினேன். ஆனால் அந்தப் பிரிவினை பாதி வழியிலேயே கரைந்துவிட்டது.

படத்தைப் பெரிதாக்குதல்

என்னிடம் இருந்தது 1:50,000 அளவைத் தலப்படம். தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் 500 மீட்டர். சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்து, 300, 400, 500, 600 என்று எண் தாங்கியிருக்கிறது. நான் எடுத்துக்கொண்ட குன்று தாளில் 8 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். அதாவது தரையில் 4 கி.மீ. × 3 கி.மீ. இந்தச் சிறு செவ்வகத்தில் கத்தி வைக்க இடமில்லை. நகல் இயந்திரத்தில் நான்கு மடங்கு பெரிதாக்கி, 32 × 24 செ.மீ. அளவில் ஏ3 தாளில் எடுத்துக்கொண்டேன்.

பெரிதாக்கிய தாளின் ஓரத்தில் 1:50,000 என்ற எண் அப்படியே அச்சாகியிருக்கும். அது இப்போது உண்மையல்ல. இந்தத் தாளின் அளவை 1:12,500. ஆனால் அதன் அடியில் உள்ள நேர்கோட்டு அளவை படத்தோடு சேர்ந்து தானும் நான்கு மடங்கு நீண்டிருப்பதால் அதை அப்படியே நம்பலாம். வரைபடத்தில் அளவையை ஏன் இரண்டு விதமாகப் போடுகிறார்கள் என்ற கேள்விக்கு நகல் இயந்திரத்தைப் போலத் தெளிவாகப் பதில் சொல்லும் ஆசிரியர் இல்லை.

அட்டையின் தடிமன் அடுத்த கணக்கு. 1:12,500 அளவையில் 20 மீட்டர் உயரம் என்பது 1.6 மி.மீ. எனக்குக் கிடைத்த அட்டை 2 மி.மீ. அப்படியானால் என் குன்று அசலைவிட 1.25 மடங்கு உயரமாகத் தெரியும். இந்த அளவு மிகைப்பு கண்ணை ஏமாற்றாது. மாதிரிகளில் மூன்று, நான்கு மடங்கு மிகைப்புகூடச் செய்கிறார்கள். அதில் சாதாரண மேடும் செங்குத்துப் பாறையாகத் தெரியும். சரிவைப் பற்றி அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. 2 மி.மீ. அட்டையில் இன்னொரு வசதியும் தானாக அமைந்தது. உயரத்துக்கான அளவை சரியாக 1:10,000 ஆகிறது, 1 செ.மீ. என்றால் 100 மீட்டர். இது பின்னால் மிகவும் உதவியது.

வெட்டியதும் தெரிந்தவை

அடித்தட்டின் மேற்பரப்பை 300 மீட்டர் மட்டமாக வைத்துக்கொண்டு, 320 முதல் 620 வரை 16 துண்டுகள் வெட்ட வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் கார்பன் தாள் வைத்து இரண்டு கோடுகளைப் பிரதி எடுத்தேன். ஒன்று வெட்ட வேண்டிய கோடு. மற்றது அதற்கு மேலே உள்ள அடுத்த கோடு. இரண்டாவது கோட்டை வெட்டக் கூடாது, மேல் துண்டை எங்கே ஒட்டுவது என்பதற்கு அதுதான் அடையாளம். இதை விட்டுவிட்டால் நான்காவது, ஐந்தாவது அடுக்கிலேயே குன்று ஒரு பக்கமாக நகரத் தொடங்கிவிடும். பசை மெல்லிய பூச்சாக இருக்கட்டும். தண்ணீர் கலந்த பசை அட்டையை வளைக்கும். ஒட்டிய பிறகு கனமான புத்தகங்களை மேலே வைத்து உலரவிடுவது நல்லது.

கத்தி கோட்டைத் தொடரும்போது கை சில இடங்களில் சட்டென்று மடங்குகிறது. அந்த மடிப்புகள்தான் படத்தின் உயிர். கோடு கூர்மையாக உட்குழிந்து அதன் முனை உயரமான பக்கத்தை நோக்கினால் அது பள்ளத்தாக்கு. முனை தாழ்வான பக்கத்தை நோக்கிப் புடைத்தால் அது கிளைக்குன்று. பாடநூலில் இந்த இரண்டையும் மாற்றிப்போட்டுக் குழம்பாதவர்கள் குறைவு. அட்டையில் குழப்பத்துக்கு வழியே இல்லை. 340, 360, 380 என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும்போது அந்த வெட்டுகள் வரிசையாகப் பொருந்தி ஓர் ஓடையாகின்றன; படத்தில் நீலக்கோடு சரியாக அங்கேதான் ஓடுகிறது. நீலக்கோடு இல்லாத ஒரு வெட்டும் இருந்தது. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் இறங்கும் வழி அது. ஏறும்போது நேரில் பார்த்தேன்: உருண்ட கற்கள், மணல், ஈரம் இல்லை.

வடக்குச் சரிவில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மூலத்தாளில் அங்கே இரண்டு கோடுகளுக்கு நடுவே 1 மி.மீ.தான் இருக்கிறது. 1 மி.மீ. என்றால் தரையில் 50 மீட்டர். அதற்குள் 20 மீட்டர் ஏற்றம். சரிவு 40 சதவீதம், கோணத்தில் ஏறத்தாழ 22 டிகிரி. தெற்கே 5 மி.மீ. இடைவெளி, அதாவது 250 மீட்டருக்கு 20 மீட்டர். எந்தப் பக்கமாக ஏறுவது என்பதை இந்தக் கணக்கே முடிவு செய்துவிட்டது.

குன்றுக்கு இரண்டு தலைகள். 460 மீட்டர் கோடு இரண்டையும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு போகிறது. 480 மீட்டரில் இரண்டு தனித்தனி வளையங்கள். ஆகவே இரண்டுக்கும் இடையிலான கணவாய் 460க்கு மேல், 480க்குக் கீழ். எவ்வளவு என்று படம் சொல்வதில்லை. உச்சியும் அப்படித்தான்: கடைசிக் கோடு 620, அதற்குள் ஒரு முக்கோணக் குறியும் 634 என்ற எண்ணும். நில அளவையாளர்கள் அளந்து குறித்த புள்ளி அது. சம உயரக் கோடு உச்சியைக் காட்டுவதில்லை, உச்சிக்கு முன் எங்கே நின்றது என்பதைத்தான் காட்டும்.

மலையை இப்படிக் கோடுகளாகப் பார்க்கும் பழக்கம் ஒரு கணக்குக்காக வந்தது என்பது எனக்குப் பிடித்த வரலாறு. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிகாலியன் மலை தன் பக்கம் தூக்குக்குண்டை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார்கள். பூமியின் அடர்த்தியைக் காண்பதற்கான சோதனை அது. அதற்கு மலையின் பருமன் தெரிய வேண்டும். கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன், அளந்த புள்ளிகளில் சம உயரம் உள்ளவற்றைக் கோட்டால் இணைத்து அந்தக் கணக்கை எளிதாக்கினார். அட்டைத் துண்டுகளை எடைபோட்டால் நாமும் அதைச் செய்யலாம். 16 துண்டுகளின் மொத்த எடையை, அதே அட்டையில் வெட்டிய 10 செ.மீ. சதுரத்தின் எடையோடு ஒப்பிட்டால் குன்றின் கனஅளவு கிடைத்துவிடும்.

சுவரில் வளிமண்டலம்

உயரத்துக்கான அளவை 1:10,000 என்றேன் அல்லவா? அடித்தட்டின் மேற்பரப்பு 300 மீட்டர். எனவே 2.8 செ.மீ. மரக்கட்டையின் மேல் மாதிரியை வைத்தேன்; தட்டின் 2 மி.மீ.யும் சேர்ந்து 3 செ.மீ. ஆயிற்று. இப்போது மேசையின் பரப்புதான் கடல் மட்டம். மேசையை ஒட்டிய சுவரில் ஒரு நீளமான காகிதப் பட்டையைச் செங்குத்தாக ஒட்டி, வளிமண்டலத்தை அதே அளவையில் குறிக்கத் தொடங்கினேன்.

குன்றின் உச்சி 6.3 செ.மீ. எவரெஸ்ட் 88 செ.மீ.யைச் சற்றுத் தாண்டுகிறது. 55 செ.மீ.யில் ஒரு சிவப்புக் கோடு: மொத்தக் காற்றின் எடையில் பாதி இதற்குக் கீழேயே அடங்கிவிடுகிறது. தரையை ஒட்டிய கீழடுக்கின் மேல் எல்லை இடத்துக்கு இடம் மாறும். துருவங்களில் 80 செ.மீ. அளவில், நிலநடுக்கோட்டுப் பகுதியில் 1.6 முதல் 1.8 மீட்டர் வரை. மேகம், மழை, இடி எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான். அதற்கு மேலுள்ள மீள் அடுக்கில் ஓசோன் செறிந்திருப்பது 2 மீட்டரைத் தாண்டி. அதன் மேல் எல்லையான 50 கி.மீ. பட்டையில் 5 மீட்டர். அறையின் கூரையை எப்போதோ தாண்டிவிட்டது. விண்வெளி தொடங்குவதாகப் பொதுவாக வைத்துக்கொள்ளும் 100 கி.மீ. எல்லைக்கு 10 மீட்டர் வேண்டும்.

பட்டையில் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் வெப்பநிலையையும் எழுதினேன். திட்ட வளிமண்டலம் என்று சர்வதேச அளவில் ஏற்றுக்கொண்ட ஒரு சராசரிக் கணக்கு உண்டு: கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ், காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), அங்கிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறைந்து, 11 கி.மீ.யில் மைனஸ் 56.5 டிகிரி. இந்தச் சராசரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலையேற்றத்தில் இதுதான் விளையாடப்போகிறது.

ஏற்றத்துக்கு முன்

திசைகாட்டியோடு படத்தைப் பொருத்துவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திசைகாட்டி முள் காட்டுவது காந்த வடக்கு. படத்தின் தீர்க்கக் கோடுகள் காட்டுவது உண்மை வடக்கு. இரண்டுக்கும் உள்ள கோண வேறுபாடு, அளந்த ஆண்டோடு படத்தின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். காந்தத் துருவம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால் பழைய படம் என்றால் ஆண்டு மாற்றத்தையும் கூட்டிக் கழிக்க வேண்டும். என் தாளுக்கு இன்றைய கணக்கு மேற்கே 2 டிகிரி. ரயில் பாலத்தைத் திசைகாட்டி 72 டிகிரியில் காட்டினால், படத்தில் 70 டிகிரியில் கோடு போட வேண்டும். பாலத்திலிருந்து ஒரு கோடு, மேல்நிலை நீர்த்தொட்டியிலிருந்து ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நாம் நிற்கிறோம்.

கடலோடிகளுக்காக அட்லாண்டிக் கடலில் இந்தக் காந்த விலக்கத்தை அளந்து, சம விலக்கம் உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து எட்மண்ட் ஹாலி 1701இல் ஒரு படம் வெளியிட்டார். வால்மீன் புகழ் ஹாலிதான். எண்கள் சிதறிக் கிடக்கும் பரப்பில் சம மதிப்புகளைக் கோடாக இணைப்பது என்ற யோசனை, ஹட்டனின் மலைக்கு முன்பே கடலில் பயன்பட்டிருக்கிறது.

காற்றழுத்தத்துக்கு பிஎம்பி280 என்ற சிறு சென்சார்கள் இரண்டு. பல கைபேசிகளுக்குள்ளும் இத்தகைய சென்சார் இருக்கிறது. இதன் தனி மதிப்பு 1 ஹெக்டோபாஸ்கல் வரை தவறலாம். ஆனால் ஏற்ற இறக்கத்தை 0.12 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு நுட்பமாகக் காட்டும், அது ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஆகவே இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே வைத்து இரவு முழுவதும் ஓடவிட்டேன். இரண்டுக்கும் நடுவே 0.4 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு மாறாமல் நின்றது. அதைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒரே கருவி.

அடிவாரத்தில் ஒன்று, கையில் ஒன்று

அடிவாரத்தில் சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில் படம் 310 என்று உயரம் குறித்திருக்கிறது. நண்பர் ஒரு சென்சாரோடு அங்கேயே மர நிழலில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருந்தார். “மலையேற வந்துவிட்டு இப்படி உட்கார்ந்திருப்பது வீண் வேலையாகத் தெரிகிறதே” என்றார். அவர் எழுதிய ஏடு இல்லையென்றால் என் ஏட்டுக்கு மதிப்பே இல்லை.

காரணம் இதுதான். வளிமண்டலம் நாளொன்றுக்கு இரண்டு முறை மெல்ல ஏறி இறங்குகிறது. காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் அருகே அழுத்தம் உச்சம். மாலை 4, அதிகாலை 4 அருகே தாழ்வு. வெப்பமண்டலப் பகுதிகளில் இந்த ஏற்ற இறக்கம் 3 ஹெக்டோபாஸ்கல் வரை போகும். நான் புறப்பட்ட காலை 10 மணிக்கு அடிவாரத்தில் 975.8. நான் உச்சியில் நின்ற நேரத்தில் அதே அடிவாரத்தில் 974.6. யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. காற்று தானாகக் குறைந்திருக்கிறது. இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் உச்சி 11 மீட்டர் உயர்ந்துவிடும்.

1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில், அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியே, காற்றழுத்தத்தை அளக்கும் பாதரசக் குழாயோடு புய் த டோம் மலையில் ஏறினார். 1465 மீட்டர் மலை. உச்சியில் பாதரசம் 3 அங்குலத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப் போக நம் தலைக்கு மேல் உள்ள காற்று குறைகிறது என்பதை உலகம் கண்ணால் பார்த்த நாள் அது. இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கண்டறிந்து ஐந்தே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெரியே இன்னொரு குழாயை அடிவாரத்தில் விட்டு, நாள் முழுவதும் அதைக் கவனிக்க ஒரு துறவியை அமர்த்தியிருந்தார். இதை என் நண்பரிடம் சொன்ன பிறகு அவர் பத்து நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கிக்கொண்டார்.

சென்சாரை வெயிலில் காட்டினாலும் உள்ளங்கையில் பொத்தினாலும் அது சூடேறி வெப்பநிலை தப்பாகும். காற்று வீசும் பக்கம் திறந்து வைத்தால் காற்றின் மோதலே அழுத்தமாகப் பதிவாகும். பாறையின் மறைவில், நிழலில், எண்கள் நிலைக்கும் வரை காத்திருந்து எழுதினேன். கணவாயில் 957.9, அந்த நேரத்தில் அடிவாரம் 975.2. உச்சியில் 939.4, அடிவாரம் 974.6.

கணக்கு: உயர வேறுபாடு = 29.27 × சராசரி வெப்பநிலை (கெல்வினில்) × இயல் மடக்கை (கீழ் அழுத்தம் ÷ மேல் அழுத்தம்). அடிவாரத்துக்கும் உச்சிக்கும் சராசரி 26 டிகிரி, அதாவது 299 கெல்வின். விடை 322 மீட்டர். படத்தின்படி 634லிருந்து 310 போக 324. மிச்சமிருக்கும் 2 மீட்டருக்கும் கணக்கு உண்டு. நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசானது; ஈரக்காற்றில் அதே அழுத்த வேறுபாட்டுக்குச் சற்றுக் கூடுதல் உயரம் ஏற வேண்டும். அன்றைய ஈரப்பதம் 65 சதவீதம். அதையும் சேர்த்தபோது 325 வந்தது. படம் சொல்லாமல் விட்ட கணவாய்க்கு 467 மீட்டர் கிடைத்தது: 460க்கு மேல், 480க்குக் கீழ்.

கைபேசி சொன்ன 634

இந்த வேலையில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது இந்த இடம். கைபேசிச் செயலிகள் பலவும் உயரத்தைத் திட்ட வளிமண்டலக் கணக்கில் தருகின்றன. 939.4 என்று கொடுத்தால் விடை 634 மீட்டர். படத்தோடு அச்சு அசல் பொருத்தம்! உச்சியில் மட்டும் பார்த்தவர் மகிழ்ச்சியோடு இறங்கிவிடுவார். அதே செயலிக்கு அடிவாரத்தின் 974.6ஐக் கொடுத்தால் 327 என்கிறது. படத்தில் இருப்பதோ 310.

உச்சியில் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன. அன்று கடல் மட்ட அழுத்தம் 1013.25 அல்ல, ஏறத்தாழ 1009.5தான். அதனால் செயலி எல்லா இடத்திலும் 33 மீட்டர் அளவுக்குக் கூட்டிச் சொல்கிறது. மறுபுறம், திட்ட வளிமண்டலத்தில் இந்த உயரத்துக்கு 12 டிகிரிதான், உண்மையில் 26. சூடான காற்று விரிந்து நிற்கும், ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்க அதிக உயரம் ஏற வேண்டும். இந்த உயரத்தில் திட்டக் கணக்குப்படி 8.7 மீட்டர்; என் குன்றில் 9.2 மீட்டர். அதனால் செயலி உயரத்தில் 5.2 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. 5.2 சதவீதம் என்பது 310 மீட்டரில் 16 மீட்டர், 634 மீட்டரில் 33 மீட்டர். உச்சியில் கூட்டலும் கழித்தலும் சமமாகிவிட்டன, அவ்வளவுதான். அழுத்தமானியை ஒரே புள்ளியில் சரிபார்த்து நம்பிவிடக் கூடாது. உயரம் தெரிந்த இரண்டு இடங்களிலாவது பார்க்க வேண்டும்.

வானிலைப் படத்தை வெட்டியது

அடிவாரத்தின் 974.6ஐக் கடல் மட்டத்துக்கு இறக்கி 1009.5 ஆக்கினேன் அல்லவா, வானிலை நிலையங்கள் தினமும் செய்வது அதையேதான். அப்படி இறக்காமல் அளந்த எண்களை அப்படியே இணைத்தால், சம அழுத்தக் கோடுகள் மலைகளையே சுற்றிச் சுற்றி வரும், வானிலை தெரியாது. நிலத்தின் உயரத்தைக் கழித்த பிறகு எஞ்சும் மேடுபள்ளம்தான் காற்றுடையது.

எஞ்சிய அட்டையில் அதையும் வெட்டினேன். வானிலைப் படம் ஒன்றில் தாழ்வழுத்தத்தின் மையம் 996, வெளிக்கோடு 1008, இடைவெளி 2 ஹெக்டோபாஸ்கல். இந்த முறை துண்டுகளை வெளியே எடுக்க, நடுவில் ஒரு குழி உருவாகிறது. கோடுகள் நெருங்கும் இடத்தில் குழியின் சுவர் செங்குத்து. அங்கே காற்று பலம். குன்றின் வடக்குச் சரிவைப் படித்த அதே கண் இங்கும் போதும். ஆனால் அளவைகள் முற்றிலும் வேறு. 12 ஹெக்டோபாஸ்கல் என்பது கடல் மட்டத்தருகே சுமார் 100 மீட்டர் உயரத்துக்கு ஈடு. அது 500 கி.மீ. தூரத்தில் பரவியிருக்கிறது. 5000க்கு 1 என்ற சரிவு. நிலத்தில் இப்படியொரு சரிவை யாரும் சரிவு என்றே சொல்லமாட்டார்கள். காற்றில் அதுவே மரங்களை ஆட்டி எடுக்கிறது.

இன்னொரு வேறுபாட்டைக் காட்டக் குண்டூசிகளை வைத்தேன். குன்றில் தண்ணீர் சம உயரக் கோட்டைச் செங்கோணத்தில் வெட்டி நேராக இறங்கும். காற்று அப்படி இறங்குவதில்லை. பூமியின் சுழற்சி அதைத் திருப்பிவிட, அது கோடுகளை ஒட்டியே சுற்றுகிறது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்பக்கம் இருக்கும் என்று டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857இல் சொன்ன விதி இது; தென் அரைக்கோளத்தில் வலப்பக்கம். என் படம் வட அரைக்கோளத்தது என்பதால் குண்டூசிகளை இடஞ்சுழியாக, கோடுகளின் வழியே படுக்கவைத்தேன். தரையோடு உராயும் காற்று வேகம் இழந்து தாழ்வை நோக்கிச் சற்றுச் சாயும். கடலின் மேல் குறைவாக, கரடுமுரடான நிலத்தின் மேல் 30 டிகிரி அளவுக்கு. ஆகவே நிலப்பகுதியில் உள்ள ஊசிகளை மட்டும் கோணமானி வைத்து உள்பக்கமாக இன்னும் திருப்பி, பசையிட்டு ஒட்டினேன்.